சுமார்

சனி ஞாயிறு மட்டும்தான் வகுப்பு.
பாளையங்கோட்டையில் தெற்கு பஜார் தாண்டி,
முன்பு தட்டச்சு நிலையமாக இருந்த மாடியில்
சமுதாயக் கல்லூரியின் ஓவியப் பிரிவு.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால்தான்
புரொஜெக்டரில் படம் தெரியும்.
கட்டுவது என் வேலை.
எனக்கு இருட்டறை பழக்கம் என்பதை
பியூலா மிஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

மற்ற நாளெல்லாம்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
பதினேழு வருஷமாக இதே பேச்சு.

உசிருள்ளதை வரையாதே என்றார் மாமி, மேலப்பாளையத்தில்.
சரி மாமி, எலும்புதானே வரைவேன் என்றேன்.
சான்றிதழ் தருவார்கள் என்றும் சொன்னேன்.
அதை வைத்து என்ன செய்வாய் என்று
நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

கையை வரையச் சொன்னார் மிஸ்.
எல்லோரும் விரல், நகம், மோதிரம் என்று போனார்கள்.
நான் மணிக்கட்டின் எட்டு எலும்பையும் அடுக்கி
மேலே தோலைப் போர்த்தினேன்.
ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"சுமார்.
எலும்பெல்லாம் சரியா இருக்கு பாத்திமா,
ஆனா இந்தக் கை இன்னும் எதையும் தொட்டதில்ல."

ஞாயிறு, கலை வரலாறு.
கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு கிழித்து
நூற்றாண்டுகளைக் கொடியில் துணி போலத் தொங்கவிடுவார்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சுமார்.
சுமார் ஒன்பது. சுமார் பதினாறு. சுமார் பதினேழு.
ஓவியர் பெயர் என்ற கட்டத்தில்
தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை.
முதலில் ஒன்றை எழுதி
கீழே வரிசையாக மேற்படிக் குறி போட்டேன்.
மார்க் கிடையாது என்றார்.
ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான்
தெரியாமல் இருக்க வேண்டுமாம்.

வேன் பிடித்துத் திருப்புடைமருதூர் போனோம்.
கோபுரத்துக்குள் ஆள் அகலப் படி,
வௌவால் வாடை.
டார்ச் அடித்தால் சுவர் முழுக்க ஜனம்,
யானை, ஈட்டி, மீசை,
அப்புறம் ஒரு கப்பல்,
கப்பலில் குதிரைகள், தலைப்பாகை வைத்தவர்கள்.
"யக்கா, ஒங்க ஆளுக" என்றான் சுடலைக்கண்,
பேட்டையில் பிளக்ஸ் அடிக்கிறவன்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
சிரித்து முடித்தபோது
ஓரத்துக் குதிரைக்கு முன்னங்காலில்
ஒரு மூட்டு அதிகம் போலத் தோன்றியது.
கிட்டே போவதற்குள்
வெளிச்சம் படக்கூடாது என்றார் மிஸ். அணைத்தேன்.
அணைத்த பிறகும் அந்தக் கால் கண்ணை விட்டுப் போகவில்லை.
குதிரையைப் பார்த்தே இராதவன் வரைந்ததா,
ஆடுகிற கப்பலில் நிற்க
அத்தனை இடத்தில் மடங்கியாக வேண்டும் என்று
தெரிந்தவன் வரைந்ததா.

திங்கள் ராத்திரி ஷிப்டில்
கங்கைகொண்டான் நாலுவழிச் சாலையிலிருந்து ஒருவர்.
லாரி. கூட யாருமில்லை.
சட்டைப்பையில் ஒரு சீப்பு, ஒரு பஸ் டிக்கெட்.
மூச்சை இழுங்க என்றேன், அவருக்குக் கேட்கவில்லை.
அவராக இழுத்தபோது எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் கேட்டது.
பெயர்: தெரியவில்லை.
வயது: சுமார்
அதற்குமேல் கொஞ்ச நேரம் விரல் ஓடவில்லை.
பிறகு ஐம்பது என்று அடித்தேன்.
திரையில் முன்கை எலும்பு,
எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது.
அன்றைக்கு யாரோ கட்டுப்போட்டிருப்பார்கள்,
யாரோ சோற்றைப் பிசைந்து ஊட்டியிருப்பார்கள்.
வார்டுக்கு ஆள் வரும்வரை
டிராலிக் கம்பியைப் பிடித்தபடி இருந்த அந்தக் கையை
பழைய பிலிம் கவரின் பின்பக்கம் வரைந்தேன்.
எலும்பு ஞாபகமே வரவில்லை.

புதன்கிழமை ஆள் வந்துவிட்டது, கயத்தாறிலிருந்து.
அவருக்குப் பெயர் இருந்தது. வயது முப்பத்தாறு.
"பதினாலு வருசந்தானக்கா தப்பு,
நூத்தாண்டுக் கணக்குல அது ஒண்ணுமில்ல"
என்றான் சுடலைக்கண்.

சனிக்கிழமை கவரைத் திருப்பி மேசையில் வைத்தேன்.
மிஸ் இந்தமுறை சுமார் என்று சொல்லவில்லை,
நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை.
"கீழ பெயர் எழுதணும்" என்றார்.

யார் பெயரை என்று கேட்க வாயெடுத்து,
ஜன்னல் துணியை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று
எழுந்து போனேன்.